மூக்கு போனதைச் சொல்லாமல் இருந்தேன்

ஜூன் 4, செவ்வாய்
கரண்ட் அடுப்பு வந்துவிட்டது. "இருக்கிற கேஸ் அடுப்புக்கு என்ன குறை?" என்றார் இவர். துடைக்கச் சுலபம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையை எப்படிச் சொல்வது? காய்ச்சல் வந்து போனதிலிருந்து மூன்று மாதமாக எனக்கு ஒரு வாசனையும் தெரிவதில்லை. கேஸ் கசிந்தால்கூடத் தெரியாது.

இந்த வீட்டுக்கே நான்தான் மோப்பக்காரி. மாடி வீட்டில் துணி தீய்ந்தால் கீழே இருந்தே சொல்லிவிடுவாள் என்று இவர் ஊரெல்லாம் பெருமையடிப்பார். அது போயே போய்விட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 5, புதன்
இவர் வெளியூர் கிளம்பிவிட்டார். ஞாயிறுதான் வருவார். எங்கள் வீட்டில் சிலிண்டர் இல்லை, கம்பெனி குழாயில் வரும் கேஸ். பழைய அடுப்பைக் கழற்ற கேஸ்காரருக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை வருவாராம், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றார்.

ஜூன் 6, வியாழன்
கொழுந்தன் வந்தான். "இதுக்குப் போய் ஆள் எதுக்கு அண்ணி? ஒரு ஸ்பேனர் வேலை." சுவரில் இருந்த வால்வை மூடினான், குழாயைக் கழற்றினான், அடுப்பைத் தூக்கி பால்கனியில் வைத்தான். சுவர்க் குழாயின் வாய் திறந்தே கிடந்தது.

"மூடி போட வேண்டாமா?" என்றேன்.

"வால்வுதான் மூடியாச்சே. எனக்குச் சளி. நீங்க ஒரு தடவ மோந்து பாத்துச் சொல்லுங்க. உங்க மூக்கவிட எந்த மிஷின் இருக்கு?"

குனிந்து மூச்சை இழுத்தேன். "ஒண்ணும் வரல" என்றேன். "அப்ப சரி" என்று கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

பொய் சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் வரவில்லைதானே? — ஐயோ, இது என்ன நியாயம்.

ஜூன் 7, வெள்ளி
நேற்றெல்லாம் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். இன்று காலை மழை. சாரல் அடிக்கிறதே என்று சாத்தினேன். மத்தியானம் தலைவலி, படுத்துவிட்டேன். நாலு மணிக்கு மகள் பள்ளியிலிருந்து வந்தாள். உள்ளே கால் வைத்ததும் நின்றாள்.

"என்னம்மா, வீடு பூரா கேஸ் நாத்தம். உனக்குத் தெரியலையா?"

சொல்லிக்கொண்டே லைட் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். பிடித்து இழுத்தேன், என் நகம் அவள் கையைக் கீறிவிட்டது. வெளியே ஓடி, வாசலில் இருக்கும் மெயின் வால்வை மூடி, தெருவில் நின்று போன் செய்தேன்.

கேஸ்காரர் உடனே வந்தார். காற்றோட விட்டு, குழாய் வாயில் சோப்புத் தண்ணீர் தடவி, மெயினைக் கொஞ்சம் திறந்தார். நுரை கொப்பளித்தது. "பழைய வால்வும்மா, முழுசா மூடாது. இதுக்குத்தான் கழட்டின கையோட மூடி போடணும்." பித்தளை மூடியை இறுக்கித் திருகி, மறுபடி நுரை வைத்துக் காட்டினார். ஒரு குமிழி இல்லை.

"இவ்ளோ நேரம் உள்ள இருந்தீங்களே, வாசனை வரலியா?"

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு வாசனையே தெரியாது" என்றேன். மூன்று மாதத்தில் முதல் தடவை — அதுவும் முன்பின் தெரியாத ஆளிடம்.

அவ சுவிட்சத் தட்டியிருந்தா? மானம் போயிடும்னு பாத்தேனே, புள்ள போயிருக்குமே. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நான்?

ஜூன் 9, ஞாயிறு
இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "மூணு மாசமா தனியாவா பயந்துட்டிருந்தே?" என்றார். அப்போதுதான் அழுகை வந்தது. கொழுந்தனுக்குப் போனில் நல்ல அர்ச்சனை.

ஜூன் 10, திங்கள்
கேஸ் இணைப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். டாக்டரிடமும் நாள் வாங்கியாயிற்று.

ஜூன் 20, வியாழன்
இன்று மகளுக்கு நேரமாகிவிட்டது. பாதிப் படி இறங்கினவள் திரும்பி ஏறி வந்தாள். ஷூவோடு சமையலறை வாசலில் நின்று, நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். "சரியா இருக்கும்மா, சமை" என்று சொல்லிவிட்டு ஓடினாள். கம்பெனி ஆட்கள் வந்து மீட்டரையே கழற்றிக்கொண்டு போய் ஒரு வாரமாகிறது. அவளுக்கும் அது தெரியும்.