விடைத்தாளில் ஒரு பிள்ளையார் சுழி

மே 12, இரவு

சி.ஏ. இறுதித் தேர்வின் கடைசித் தாள் இன்று முடிந்தது. இது மூன்றாவது முயற்சி. நன்றாகவே எழுதினேன். பயம் அதைப் பற்றியது அல்ல.

துவாரகா திரும்பும் மெட்ரோவில் தேர்வு நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தை முதன்முறையாக முழுதும் படித்தேன். விடைத்தாளில் சமயக் குறி ஏதும் இருந்தால் தேர்வு ரத்தாகலாம் என்று இருந்தது. முதல் பக்கத்தின் உச்சியில் நான் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். முந்தைய தாள்களில் போட்டேனா என்று நினைவில்லை. கை தானாகப் போடுவது அது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள்.

"சுழி போட்டுத்தானே ஆரம்பிச்சே?"

"போட்டேம்மா."

"அப்புறம் ஏண்டி மூஞ்சி இப்படித் தொங்குது? எல்லாம் அவர் பாத்துப்பார். ஜல்தி கை கழுவிட்டு வா, தோசை ஆறுது."

 இரண்டு தோசையையும் மென்று விழுங்கினேன்.

தாளைத் திருத்துகிறவர் இந்தி பேசும் இந்த ஊர்க்காரராக இருந்தால், பேனா எழுதுகிறதா என்று பார்த்த கிறுக்கல் என்று விட்டுவிடக்கூடும். தமிழராக இருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். என் தாள் தமிழர் யார் கையிலும் போய்விடக் கூடாது என்று விளக்கணைத்த பிறகும் வேண்டிக்கொண்டிருந்தேன். அதே பிள்ளையாரிடம்தான். தூக்கம் வராமல் எழுந்து இதை எழுதுகிறேன்.