அப்பா கூட்டிய இரண்டு வயது

செப்டம்பர் 9, திங்கள்

உறுதியான செய்தி: வங்கியின் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். ஆதாரம்: இன்று காலை வந்த மின்னஞ்சல். அனுப்பியவர் முகவரியை இரண்டு முறை சரிபார்த்தேன், போலி இல்லை. பல்கலைக்கழகப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த பழக்கம். ஆதாரம் இல்லாமல் எனக்கே எழுதிக்கொள்ள வரவில்லை.

என்னோடு படித்த ஃபோலாரினும் தேறியிருக்கிறான். மூன்று மாதமாக லாகோஸின் யாபாவில், எங்கள் பழைய வகுப்பறை வராந்தாவில் உட்கார்ந்து முந்தைய ஆண்டு வினாத்தாள்களைப் போட்டோம். ஒரு கணக்குக்கு ஒரு நிமிடம். அவன் கைபேசியில் நேரம் பார்ப்பான். வராத கணக்கோடு நான் மல்லுக்கட்டினால், "விட்டுத் தொலை எடிட்டர், அது என்ன உன் மாமனா?" என்பான். தேறியதற்கு அதுதான் காரணம். கணக்கு வந்ததால் அல்ல, வராததை விடக் கற்றுக்கொண்டதால்.

செப்டம்பர் 13, வெள்ளி

இடோஹான் அக்கா என் பெரியம்மா மகள். லாகோஸில் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். எனக்கு முடி பின்னிக்கொண்டே கேட்டாள்.

"விண்ணப்பத்துல எந்த வயசைப் போட்ட?"

"உண்மையான வயசை."

"அடிப்பாவி. காகிதத்துல இருக்கறதுதான்டி உண்மை."

எனக்கு இருபத்துநாலு. நடுவில் ஒரு வகுப்பைத் தாண்டிப் போட்டதால் பதினைந்திலேயே பள்ளியை முடித்தேன். பல்கலைக்கழகத்தில் சேரப் பதினாறு ஆகியிருக்க வேண்டும். அப்பா எங்கள் ஊரான பெனின் நகரத்தின் நீதிமன்றத்துக்குப் போய், நான் முன்பே பிறந்துவிட்டதாகப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஒரு வருடம் கூட்டினால் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கூட்டினார். பட்டம், பட்டதாரிகள் கட்டாயமாகச் செய்யும் ஓராண்டு தேசியச் சேவையின் சான்றிதழ், எல்லாம் அந்த வயதில்தான்.

பிறகு ஆசிரியர்கள் வேலைநிறுத்தம். தொற்று. மறுபடி வேலைநிறுத்தம். ஐந்தாண்டுப் படிப்பு ஏழரை ஆண்டானது. வங்கிப் பயிற்சிக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. காகிதத்தில் எனக்கு இருபத்தாறு.

ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம் அப்பா.

பிறந்தபோது வாங்கிய சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது. அதை வைத்துத்தான் விண்ணப்பித்தேன். அது பொய்யில்லையே.

செப்டம்பர் 20, வெள்ளி

குழு விவாதம். எட்டுப் பேர், ஒரு மேசை. எந்தக் கிளையை மூடலாம் என்று ஒருமித்துச் சொல்ல வேண்டும். ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். 'முதல்ல வாயைத் திறக்காதே, பேசாதவங்களைப் பேச வை' என்று ஃபோலாரின் சொல்லியிருந்தான். வடக்கே ஜோஸ் நகரிலிருந்து வந்த பெண் ஒருத்தி வாயே திறக்கவில்லை. அவளைக் கேட்டேன். அவளிடம்தான் சரியான பதில் இருந்தது. மூலையில் இருந்த தேர்வாளர்கள் எதையோ குறித்துக்கொண்டார்கள்.

அவளும் நானும் தேறினோம். கத்திய ஆறு பேரும் இல்லை.

அக்டோபர் 4, வெள்ளி

நேர்முகம். மூன்று பேர். நடுவில் இன்யாங் மேடம், ஆளெடுப்புப் பிரிவின் தலைவி.

"அஞ்சு வருஷப் படிப்பை ஏழரை வருஷம் ரசிச்சுப் படிச்சிருக்கியேம்மா?"

"வாத்தியாருங்க வரல மேடம். நாங்க பத்திரிகை நடத்தினோம். விளம்பரம் பிடிச்சோம், நஷ்டமில்லாம நடந்துச்சு."

சிரித்தார்கள். ஏன் எங்கள் வங்கி என்று கேட்டபோது அவர்களுடைய ஆண்டறிக்கையில் வாராக்கடன் குறைந்த கதையைச் சொன்னேன். அதற்குச் சிரிக்கவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அக்டோபர் 14, திங்கள்

என்னையும் ஃபோலாரினையும் எடுத்துவிட்டார்கள். ஆதாரம்: கடிதம், கையில். அக்கா தெருவில் ஆடினாள். கடைசி வரி: 'சான்றிதழ் சரிபார்ப்புக்கு உட்பட்டது.'

அக்டோபர் 24, வியாழன்

லாகோஸின் மெரினா பகுதியில் வங்கியின் தலைமை அலுவலகம். இன்யாங் மேடம் பிறப்புச் சான்றிதழையும் சேவைச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அப்பா செய்ததைச் சொன்னேன்.

"வயசைக் குறைச்சுக்கிட்டு வர்றவங்களை இங்க தினம் பாக்கறேன். நீ என்னடான்னா, அப்பா கூட்டிட்டாருங்கற."

"நிஜம் மேடம்."

"குறைச்சவங்களும் அதைத்தான் சொல்றாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்பாவிடம் பிரமாணப் பத்திரமாகவே விளக்கம் வாங்கி வர இரண்டு வாரம் கொடுத்தார்.

பக்கத்து மேசையில் ஃபோலாரினுக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அவனுக்கு வயது இருபத்தொன்பது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே எல்லாக் காகிதமும் இருபத்தைந்துக்குப் பொருந்தும்.

வாசலில் சொன்னான்: "பொய்யை ஒண்ணாங்கிளாஸ்லயே தொடங்கணும் எடிட்டர். உங்கப்பா லேட்டு." சிரித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "உனக்காக நான் வேணா மேடம்கிட்ட பேசட்டுமா?"

"என்னன்னு பேசுவ?"

கைபேசியை எடுத்து நேரம் பார்த்தான்.

அவன் வயது செய்தியாக என் மேசைக்கு வந்திருந்தால் போட்டிருப்பேனா? — தெரியவில்லை. அவன் இல்லாமல் நான் முதல் தேர்வையே தாண்டியிருக்க மாட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

வழிபாடு முடிந்ததும் அப்பாவை அழைத்தேன். அவர் சபையில் மூப்பர். முப்பது வருடம் பள்ளி ஆசிரியர்.

"முன்னாடி பண்ணின சத்தியம் பொய்யின்னு மறுபடி போய் சத்தியம் பண்ணணுமா?"

"ஆமாப்பா."

"அதே கோர்ட்லயா?"

"ஆமாப்பா."

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்கம்மா ஒண்ணு போதும்னுதான் சொன்னா" என்றார்.

நவம்பர் 7, வியாழன்

அப்பா நேற்றே பேருந்தில் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உடை, மடியில் கோப்பு, அதில் புதுப் பிரமாணப் பத்திரம். அக்கா கிண்டிய கர்ரியை, அந்த மரவள்ளி மாவுக் களியை, தொடவில்லை.

இன்யாங் மேடம் அவரை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"ஐயா, ரெண்டும் உங்க கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"ரெண்டும் சத்தியம்தானே?"

"ஆமா."

"நான் எதை நம்பறது?"

"ரெண்டாவதை."

"நாளைக்கு மூணாவது வராதுன்னு என்ன நிச்சயம்?"

அப்பா தலை குனிந்து நின்றார். அவரிடம் அடி வாங்கிய பையன்கள் அப்படித்தான் நின்றிருப்பார்கள்.

புதுப் பத்திரத்தின் நகல் ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்ப வேண்டும், விதி என்றார் மேடம். சரி என்று இருவரும் கையெழுத்துப் போட்டோம். மஞ்சள் பேருந்தில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. ஐயோ. பதினைந்து வயதில் சேர்ந்தவள் நான். சேர்ந்ததே விதிமீறல். அதை நாங்களே எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தெரிந்திருக்குமோ?

நவம்பர் 18, திங்கள்

வேலைக்கு எடுத்த கடிதத்தை வங்கி திரும்பப் பெற்றுக்கொண்டது.

டிசம்பர் 2, திங்கள்

பயிற்சி வகுப்பு தொடங்கிவிட்டது. ஆதாரம்: ஃபோலாரின் போட்ட படம். நீல டை. இரண்டாம் வரிசையில் ஜோஸ் பெண். மாலையில் அவனிடமிருந்து ஒரு வரி: 'சாப்பிட்டியா எடிட்டர்?'

சாப்பிட்டேன் என்று எழுதினேன். ஆதாரமில்லாத செய்தி.

டிசம்பர் 12, வியாழன்

பல்கலைக்கழகப் பதிவாளரிடமிருந்து கடிதம். தவறான வயதைக் காட்டிச் சேர்ந்ததாகத் தெரியவருவதால், முடிவாகும் வரை பட்டத்தை எங்கும் காட்டக் கூடாது.

அக்கா படித்துவிட்டு மடித்து வைத்தாள். "வேலை கேட்டுத்தானடி போன?" என்றாள்.

அப்பாவுக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. சாயங்காலம் அழைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"அம்மாடி, முதல்ல எழுதினதுதான் சரின்னு மூணாவதா ஒண்ணு எழுதிக் கொடுத்துடட்டுமா?"

"வேண்டாம்ப்பா."

"நாளைக்கே போயிடறேன். கோர்ட்ல என்னைத் தெரியும் இப்ப."

"வேண்டாம்ப்பா."

என் பட்டம் நிற்குமா என்பதைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றம் முடிவு செய்யும். கூட்டம் பிப்ரவரி 12, புதன்.