ஐந்நூறு எழுத்துக்கு விட்ட இடம்

இன்று காலை உன் மகள் உன் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். விசைகளுக்கு இடையில் உன் மூக்குப்பொடி இன்னும் மணக்கிறது. எனக்குத் தும்மல் வந்தது, கூடவே உன் ஞாபகமும்.

"மாமா, அப்பா எனக்கு எழுதுனத எல்லாம் முதல் திதிக்குள்ள அச்செடுத்துத் தாங்க" என்றாள்.

படுக்கையில் விழுந்த பிறகு தினம் ஒரு பக்கம் அவளுக்காக எழுதினாய். அதற்கான சின்ன நிரலை நான்தான் செய்து கொடுத்தேன். ஒரு கட்டம், ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

"இம்புட்டு இடம் போதுமா மாப்ள? மணியடிச்சாலும் பாடத்த நிறுத்தாத ஆளு நானு" என்றாய்.

"ஐந்நூறு எழுத்து கெடக்கு. பேசாம அடி."

நான் ஒதுக்கியது ஐந்நூறு எழுத்து அல்ல, ஐந்நூறு பைட்; கணினி நினைவில் ஓர் இருக்கைதான் ஒரு பைட். பள்ளியில் நீ வரலாறு நடத்த, பக்கத்து அறையில் நான் கணினி நடத்தும்போது சொல்கிற உதாரணம் உனக்கும் கேட்டிருக்கும். கொட்டாம்பட்டி பஸ்ஸில் ஆங்கில எழுத்துக்கு ஓர் இருக்கை போதும். நம் 'க'வுக்கு மூன்று வேண்டும். 'கா' என்றால் துணைக்காலும் தனியாக மூன்றைப் பிடித்துக்கொள்ளும். இதை வருடக்கணக்கில் சொன்னவன், உன் நிரலைச் சோதிக்கும்போது கைப்பழக்கத்தில் ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தேன். ஐந்நூறும் உட்கார்ந்தன. சரியென்று விட்டுவிட்டேன்.

திரையில் உனக்கு முழுப் பக்கமும் தெரிந்தது. உள்ளே பதிந்தது முதல் நூறு எழுத்துச் சொச்சம்தான். மீதியை நிரல் சத்தமில்லாமல் வெட்டி எறிந்திருக்கிறது. எழுதியதைத் திரும்பிப் படிக்கிற வழக்கமும் உனக்குக் கிடையாது.

நாங்கள் திறந்த முதல் பக்கம் இது: "பாப்பா, நீ கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று மாட்டுத்தாவணியில் உன்னிடம் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். நீ ஏன் என்று கேட்டதே இல்லை. நான் பேசாததற்குக் காரணம் கோபமில்லை. உண்மையில்"

அதற்குப் பிறகு, பாதியில் வெட்டுப்பட்ட எழுத்தின் ஓர் உடைந்த குறி.

"மிச்சம் எங்க மாமா?"

சொன்னேன். என் தவறு என்பதையும் சொன்னேன்.

"எப்படியாச்சும் எடுக்க முடியாதா? நீங்க கம்ப்யூட்டர் வாத்தியார்தானே?"

"இருந்தாத்தானம்மா எடுக்க முடியும். அது எங்கயும் பதியவே இல்ல."

அவள் அந்தப் பக்கத்தை மறுபடி மேலிருந்து படித்தாள். பிறகு, "கோபமில்லைங்கிற வரைக்குமாச்சும் வந்துச்சே மாமா" என்றாள். ஆறுதல் சொல்ல வேண்டியவன் நான். சொன்னவள் அவள்.

நாற்பத்தொரு பக்கங்களையும் பார்த்துவிட்டேன். எல்லாம் தொடங்குகின்றன, மாப்ள. நாற்பது வருடம் உன்னோடு பழகியிருக்கிறேன். ஒன்றைக்கூட எப்படி முடித்திருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை.