ஆடி முடியப் பன்னிரண்டு நாள்

அண்ணே,

இன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்ததும் உங்கள் பெயர் சிவப்பில் நின்றது. கிரேன் ஆபரேட்டர் சான்றிதழ் முடிய இன்னும் முப்பது நாள், புதுப்பிக்கவும் என்று. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. உங்கள் வரியை நீக்க வேண்டியது நான்தான். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

பழங்காநத்தம் தாண்டி, வாடகைக் கிரேன் யார்டில் பத்து வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். நீங்கள் கிரேன் மேலே. நான் தகரக் கூரை ஆபீஸில். யாருக்குச் சான்றிதழ் எப்போது முடிகிறது, யார் கண் டெஸ்டுக்குப் போகவில்லை என்று விரட்டுவதே என் பிழைப்பு. "இந்தா, தேதி வந்துருச்சுய்யா!" என்று என்னைக் கண்டதும் கத்துவீர்கள். டீக்கடை வரை கேட்கும். எரிச்சலாக வரும் எனக்கு.

ஒரு வருடம் உங்கள் சான்றிதழ் ஆடி இருபதோடு முடிந்தது. என் நோட்டில் 'புதுப்பிக்கும் நாள்' என்று தலைப்பு. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஏந்தங்கச்சி, புதுப்பிக்கிறதுன்னு நீயேதான எழுதிருக்க? ஆடியில எவனாச்சும் புதுசா ஒண்ணத் தொடங்குவானா? ஆவணி பொறக்கட்டும், மொத ஆளா வாரேன்."

"இது புதுசு இல்லண்ணே. பழசத் தொடர்றது."

"அப்பத் தொடர்றதுன்னு எழுத வேண்டியதுதான?"

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். இரண்டு நாள் முன்புதான், ஆடிப் பதினெட்டுக்கு, மகளுக்குப் புது ஸ்கூட்டி எடுத்திருந்தீர்கள். ஆடியிலேயே புதுசு எடுத்தவர்தானே என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. ஆடி முடியப் பன்னிரண்டு நாள்தானே என்று, உங்கள் பெயருக்கு நேரே 'விண்ணப்பித்தாயிற்று' என்று எழுதினேன். பொய். அதைப் பார்த்துத்தான் முதலாளி உங்களைச் சோழவந்தான் பக்கம் பாலம் வேலைக்கு அனுப்பினார்.

ஒன்றும் நடக்கவில்லை. கான்கிரீட் உத்திரங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஆவணி பிறந்ததும், புதுப்பிக்கக் கேட்கும் கண் டெஸ்டுக்கு நானே உங்களைத் தல்லாகுளத்தில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வலது கண்ணில் முற்றிய புரை. இடது கண்ணிலும் தொடங்கியிருந்தது. டாக்டர் திட்டத் திட்ட, நீங்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னீர்கள்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. பயந்துட்டேன். கீழ எறக்கி விட்டுட்டா, நான் வேற என்ன வேலைக்குப் போவேன்?"

"அப்பப் பாலத்துல எப்டிண்ணே ஓட்டுனீங்க?"

"கீழ நின்னு சிக்னல் குடுத்தது நம்ம முருகேசன்தான? கைதான் தெரிஞ்சுச்சு. மூஞ்சி தெரியல."

உங்கள் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம்.

ஆபரேஷன் முடிந்து, முணுமுணுக்காமல் ஸ்டோர் வேலை பார்த்தீர்கள். தையில் டெஸ்டில் தேறி மறுபடி மேலே ஏறினீர்கள். அதன் பிறகு ஒரு முறைகூட நான் விரட்ட வேண்டியிருக்கவில்லை. தேதிக்கு ஒரு மாதம் முன்பே வந்து நிற்பீர்கள். உங்களைக் கொண்டுபோனது மாரடைப்பு. கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நோட்டில் இப்போது 'தொடரும் நாள்' என்று தலைப்பு மாற்றியிருக்கிறேன். போன ஆடியிலும் ஒருவர், "அக்கா, ஆடி முடியட்டுமே" என்றார். தலைப்பைக் காட்டினேன். "இதுல புதுசு ஒண்ணும் இல்ல. சான்றிதழ் வர்ற வரைக்கும் கீழ நில்லுங்க" என்றேன். ஈவு இரக்கம் இல்லாதவள் என்று யார்டில் பேர். இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை எழுத உட்காரும் முன்பே உங்கள் வரியை நீக்கிவிட்டேன். பொய் எழுதிய பக்கத்தை மட்டும் கிழிக்கவில்லை. முருகேசனிடம் இதுவரை அதைச் சொல்லவும் இல்லை. தினமும் காலையில் கேட்டுக்குள் நுழையும்போது அவர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்துகிறார். நான் முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.