கொழுப்புத் தட்டு

11 ஒக்ரோபர் 2025, சனி. ஹம்பேர்க்

காலையில் பால்கனிக் கதவைத் திறந்ததும் மூக்கு விறைத்தது. கோழி, இறைச்சி சுடும் கிறிலைக் கட்டிவைக்கும் காலம் வந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் என் மனுசன் அல்பேர்ட் செய்கிற வேலை. மாசியில் அவர் செத்தபிறகு இது முதல் குளிர். காஸ் சிலிண்டரைக் கழற்றிப் பால்கனியிலேயே விட்டேன். நிலத்துக்குக் கீழே இருக்கும் கெல்லர் அறையில் காஸ் வைக்கக் கூடாது என்று எப்போதும் சொல்லுவார். கம்பிகளை உரஞ்சிக் கழுவி, காயவைத்து, கறள் பிடிக்காமல் எண்ணெய் பூசினேன்.

கடைசியாக அடியில் இருக்கும் கொழுப்புத் தட்டை இழுத்தேன். உறைந்த கொழுப்புக்குள் கைதுடைக்கும் பேப்பர் சேவியற் ஒன்று. அதில் பொன் எழுத்து: லாரா – யூட்சன், நிச்சயதார்த்தம், 16.08.2025.

லாரா, ஞானஸ்நானத்தில் நான் ஞானத்தாயாக நின்ற பிள்ளை. ஓகஸ்டில் கிறிலை இரவல் கேட்டது அவளுடைய தாய் பிறின்சி. "லாரான்ர வேலையிடத்துப் பிள்ளையளுக்குச் சின்னதா ஒரு விருந்து, அக்கா" என்றாள். மேலெல்லாம் மினுங்கத் துடைத்துத்தான் தந்தாள். அடித்தட்டை மறந்துவிட்டாள்.

12 ஒக்ரோபர்

பூசைக்குப் போகவில்லை. அங்கே பிறின்சியின் முகத்தில் முழிக்க ஏலாது.

14 ஒக்ரோபர்

பிறின்சியிடம் போனில் கேட்டுவிட்டேன். அவள், "குறை நினையாதேங்கோ அக்கா. அண்ணை போய் வருசம் திரும்பேல்லை. நல்ல காரியத்தில நீங்கள் முன்னுக்கு நிண்டால் மாப்பிள்ளை பகுதி ஒருமாதிரிப் பாப்பினம்."

என்ர கிறில் வேணும். கோழிக்குப் பிரட்ட என்ர மசாலா வேணும் — அதையும் கேட்டு எழுதினவள். நான் மட்டும் துடக்கோ? அகதியா வந்து இறங்கி எட்டு மாசம் எங்கட சோபாவில படுத்தவள். இதில வேதக்காரர் வேற நாங்கள். எந்தச் சுவாமி பிரசங்கத்தில இதைப் படிப்பிச்சவர்?

18 ஒக்ரோபர்

கிறிலுக்கு உறை போட்டு, கயிறு கட்டி, தனியாகக் கெல்லருக்கு இறக்கினேன். இடுப்புப் பிடித்துவிட்டது. இனி ஒருத்தருக்கும் இரவல் இல்லை.

2 நவம்பர், ஆத்துமாக்கள் திருநாள்

அல்பேர்ட்டின் கல்லறையில் எனக்கு முன்பே லாரா நின்றாள், மெழுகுதிரியோடு. என்னைக் கண்டதும் அழுதாள். "என்னில என்ன கோவம் அன்ரி? நிச்சயத்துக்கு வர மனமில்லை எண்டு அம்மாட்டச் சொன்னீங்களாம்."

பிறின்சி ஒளித்தது போதாதென்று, நானே மறுத்ததாகவும் ஆக்கிவிட்டாள். இருபத்தைந்து வருடப் பழக்கம். "எனக்குச் சொல்லவே இல்லைப் பிள்ளை" என்றேன். அவள் கையிலிருந்த மெழுகுதிரியை இரண்டுபேருமாகக் கொளுத்தி வைத்தோம்.

29 நவம்பர்

லாராவும் யூட்சனும் கிறிலைக் கெல்லரிலிருந்து தூக்கிவந்தார்கள். கயிற்றை நான் அவிழ்த்தேன். பால்கனியில் பனி தூற, கோழி சுட்டோம். நிச்சயத்தன்று யூட்சனின் தாய், "ஞானத்தாய் எங்க?" என்று இரண்டுதரம் கேட்டாவாம். மாப்பிள்ளை பகுதி!

சாப்பிடும்போது லாரா மெல்ல, "அடுத்தமுறை தானும் வரட்டோ எண்டு அம்மா கேட்டவா" என்றாள்.

"வருசம் திரும்பட்டும் எண்டு சொல்லு" என்றேன்.

அவர்கள் போனதும் முதல் வேலையாகக் கொழுப்புத் தட்டைக் கழுவிவைத்தேன்.