கட்டில் எந்தப் பக்கம்?

ஜூன் 9, திங்கள்

என் லேப்டாப்பைத் திருடியவர் என் அப்பா.

பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு என் கையில் கொடுத்த அரசாங்க லேப்டாப் அது. அடிப்பக்கம் வெள்ளை மையால் ‘இ. ஜெகதீஸ்வரி, 12 ஆ’ என்று எழுதிவைத்தேன். பதினோரு நாள் என்னிடம் இருந்தது. பன்னிரண்டாம் நாள் அப்பா அதைத் தன் லோடு வண்டியின் முன்சீட்டில் வைத்து, நரிக்குடிப் பக்கம் இருக்கும் தங்கச்செல்வி அத்தை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அத்தை மகன் ராஜபாண்டி காலேஜ் படிக்கிறானாம். நானும்தான் காலேஜ் சேர்ந்தேன். ‘பொம்பளப் புள்ளைக்குப் போனு போதும் தாயி’ என்றார் அப்பா. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸை மூன்று வருஷமும் போனிலேயே படித்து முடித்தேன்.

இதைத் திருட்டு என்று இந்த வீட்டில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இன்று ராஜபாண்டியே கூப்பிட்டான். மில்லில் சூப்பர்வைசர் ஆகி மூன்று வருஷம், கையில் எண்பதாயிரம் இருக்கிறது, கேம் விளையாடக் கம்ப்யூட்டர் மாட்ட வேண்டும்.

“பார்ட்ஸ் பாத்துக் குடு ஜெகா. ஒனக்குத்தான் அதெல்லாம் அத்துப்படி.”

“பாத்துத் தாரேன் மச்சான். மாட்டியும் தாரேன். என் லேப்டாப்பத் திருப்பித் தந்துரணும்.”

“அந்த ஓட்டையவா? எடுத்துட்டுப் போ.”

மதுரையில் மூன்று மாத ஹார்டுவேர் பயிற்சி, கட்டணம் இல்லை. ஆகஸ்ட் 18 ஆரம்பம். பெயர் கொடுத்துவிட்டேன். ஒரே நிபந்தனை, சொந்த லேப்டாப் கொண்டுவர வேண்டும். ஓட்டையோ உடைசலோ, எனக்கு அது வேண்டும்.

ஜூன் 11, புதன்

அவனுக்கு லைட் எரிய வேண்டுமாம். ஃபேனில் லைட், ரேமில் லைட், பெட்டி முழுக்கக் கண்ணாடி. ‘கோயில் கொடைக்கா லைட்டு மாட்டுற?’ என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போனை வைத்தான். அரை மணியில் மறுபடி அவனே கூப்பிட்டான்.

ஜூன் 15, ஞாயிறு

வாங்கப்போகாத சாமானுக்கு இரண்டு வருஷமாக விலை பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான். எது நல்லது, எது வெறும் பகட்டு என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை. இன்று ஒருத்தன் கேட்கிறான், அதுவும் தனக்காக. ஆனாலும் காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, எவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தேன் என்பதை நினைத்தால்.

ப்ராசசர் ரைசன் 5 7600. இன்டெல் ஐ7தான் வேண்டும் என்றான், மில்லில் யாரோ சொன்னார்களாம். கேமுக்கு அந்தப் பணம் கிராபிக்ஸ் கார்டில் போக வேண்டும். கார்டு ஆர்டிஎக்ஸ் 5060. ரேம் பதினாறு ஜிபி, பின்னால் இன்னொன்று போட இடம் இருக்கும் போர்டு.

பவர் சப்ளையில்தான் சண்டை. ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைப்பதை அனுப்பி, ‘இதும் கரண்டுதான குடுக்குது’ என்கிறான். எங்கள் பக்கத்துக் கரண்டு தெரியாதா? மத்தியானம் மோட்டார் போட்டால் டியூப் லைட் மினுக்கும். நல்ல கம்பெனி, 650 வாட்ஸ், கேபிள் எல்லாம் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி. இதில் ஒரு ரூபாய் குறைத்தாலும் நான் வரமாட்டேன் என்றேன். சரி என்றான்.

பெட்டி எது என்று சொல்ல அறையைப் பற்றித் தெரிய வேண்டும். மாமா, ராஜபாண்டியின் அப்பா, வீட்டை ஒட்டியே கரிமூட்டம் போடுகிறார். சீமைக்கருவேலம் எரிந்து கரியாகிற புகையும் தூளும் எங்கே படிகிறதோ தெரியாது. கரித்தூள் கரண்டைக் கடத்தும். போர்டு மேல் படிந்தால் அவ்வளவுதான். அதனால் கேட்டேன்: ஒன் ரூம்பு மூட்டத்துக்கு எந்தப் பக்கம்? காத்து எப்படி வரும்? ஜன்னலுக்கு வலை இருக்கா? மேலே ஆஸ்பெஸ்டாஸா, தளமா? மேசை போட எடம் இருக்கா, கட்டில் எந்தப் பக்கம் கிடக்கு?

அவனுக்குப் பாதி தெரியவில்லை. போனை அத்தையிடம் கொடுத்தான். அத்தை நிதானமாக எல்லாம் சொன்னார். “தெக்குப் பாத்த கட்டிலு மருமகளே. மாத்திப் போடணும்னா போட்டுக்கலாம், அதுக்கென்ன.” அத்தை என்னிடம் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

ஜூன் 21, சனி

பட்டியல் முடிந்தது. பெட்டி: சிறு துளை வலை, உள்ளே தூசி தடுக்கும் துணி, லைட் இல்லை. (ஒரே ஒரு லைட். பாவம்.)

மூன்றாவது வரியில் எழுதி அனுப்பினேன்: ‘பவர் சப்ளையுடன் வரும் கேபிளைத் தவிர வேறு கம்பெனி கேபிளைச் செருகக் கூடாது. செருகினால் பொருந்தும். ஆனால் போர்டு கருகிவிடும்.’

அவன் பதில்: ‘டோட்டல் எவ்ளோ?’

ஜூலை 2, புதன்

அப்பா இரண்டு வாரமாக என்னிடம் சிரித்துப் பேசுகிறார். அல்வா வாங்கிவந்தார். ஏன்?

ஜூலை 10, வியாழன்

நான் வேலை பார்க்கிற பிரவுசிங் சென்டர் திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு எதிரே. ஓனர் நவாஸ் அண்ணன். சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் விண்ணப்பம் போடுவதுதான் என் நாள். இன்று ஒரு அம்மா நான்காவது முறையாக வந்தார். அவர் பெயரைத் தப்பாக அடித்தது ஆபீஸ். அலைவது அவர். ‘ஏன் திட்டாம நிக்கிறீங்க’ என்று கேட்டேன். ‘திட்டுனா அஞ்சாவது தடவ வரச் சொல்லுவாகம்மா’ என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதே ஞாபகம். நான் எத்தனையாவது தடவை?

ஜூலை 18, வெள்ளி

பார்சல் எல்லாம் வந்துவிட்டது. எங்கள் ஊருக்கும் அவன் ஊருக்கும் கூரியர் வராது, அதனால் கடை முகவரி. நவாஸ் அண்ணன் கிராபிக்ஸ் கார்டை இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தார்.

“ஏம்மா, இது நம்ம கடை மொத்தத்தையும் வாங்கிரும் போலயே.”

“கடையோட சேத்து ஒங்களையும் வாங்கிரும்ணே.”

ப்ராசசர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். யாருக்கும் தெரியாது.

ஜூலை 20, ஞாயிறு

எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு அப்பா வண்டியில் அத்தை வீட்டுக்குப் போனோம், நான், அப்பா, அம்மா. ஒரு கம்ப்யூட்டர் மாட்ட மூன்று பேர் எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அறைக்குள் போனேன். புது ரோஸ் பெயின்ட். ஜன்னலுக்கு வலை. தெற்குப் பக்கம் கிடந்த ஒற்றைக் கட்டில் இல்லை. கிழக்குச் சுவரோரம் இரட்டைக் கட்டில், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. மேசை நல்ல இடத்தில் இருக்கிறதே என்றுதான் பார்த்தேன். முட்டாள்.

இரண்டரை மணி நேரம். முதல் அழுத்தலிலேயே ஓடியது. ராஜபாண்டி கேம் போட்டான். ஃபேன் சத்தமே இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த முழு வேலை அது ஒன்றுதான்.

“சரி மச்சான். லேப்டாப்ப எடு.”

அவன் அத்தையைப் பார்த்தான். அத்தை சிரித்தார்.

“அத எதுக்கு மருமகளே இங்கருந்து அங்க தூக்கிக்கிட்டு, மறுபடி அங்கருந்து இங்க தூக்கிக்கிட்டு? ஆடி கழியவும் ஆவணி மொத வெள்ளி பூ வைக்க வாரோம். எப்படியும் இங்கதான வரப்போற. கெடக்கட்டும்.”

எந்தப் பூ? யாருக்கு நிச்சயம்?

“நீதான கேட்ட. பொக வருமா, ஜன்னலுக்கு வலை இருக்கா, கட்டிலு எந்தப் பக்கம்னு. பொம்பளப் புள்ள வாயத் தொறந்து சம்மதம்னு சொல்லுமா? ரூம்ப விசாரிச்சா அதான் அர்த்தம். அன்னைக்கே ஒங்கப்பாகிட்டச் சொல்லிட்டேன்.”

மருமகளே, மருமகளே — பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார். தம்பி மகள் என்றால் அதுதான் முறை. அதனால்தான் எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை.

“கம்ப்யூட்டருக்குத்தான் கேட்டேன் அத்தே. கரித்தூளு விழுகுமான்னு.”

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கப்படுகிறேனாம். ராஜபாண்டிக்குத் தெரியும். அவனிடம்தான் முதலில் கேட்டேன், எதற்குக் கேட்கிறேன் என்றும் சொல்லியிருந்தேன். அவன் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரு வேலை பாக்கி இருக்கு” என்று கம்ப்யூட்டரை நிறுத்தினேன். பெட்டியைத் திறந்து, ப்ராசசருக்குக் கரண்டு கொண்டுபோகிற எட்டு முனை கேபிளை உருவிப் பைக்குள் போட்டேன். மூடினேன். எல்லோரும் கறிச்சோறு சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

அப்பாவிடம் சொன்னேன். எனக்கு இதில் சம்மதம் இல்லை.

“கேக்கும்போது எல்லாம் கேட்டுட்டு, இப்ப என்ன?”

அம்மாவிடம் சொன்னேன். “அவுக பெயின்ட்டெல்லாம் அடிச்சிட்டாகளே ஜெகா” என்கிறாள். ஒரு டப்பா ரோஸ் பெயின்ட்டுக்கு இருக்கிற மதிப்பு.

ஜூலை 24, வியாழன்

ராஜபாண்டி கடைக்கு வந்தான். கம்ப்யூட்டர் ஓடவில்லை, கேபிளைக் கொடு என்றான்.

“தாரேன். ரெண்டு வேலை செய்யி. ஒங்கம்மாகிட்டயும் எங்கப்பாகிட்டயும், அவ ரூம்ப விசாரிச்சது மிஷினுக்குத்தான்னு சொல்லு. லேப்டாப்பக் கொண்டு வா.”

“நான் எப்படிச் சொல்றது?”

“வாயாலதான்.”

“எனக்கு மட்டும் ஆசையா? அம்மா பேச்ச மீறுனா வீட்ல சோறு எறங்காது ஜெகா.”

“அப்ப கேமு மட்டும் எறங்குமா?”

அவன் மேல் பாவமும் வந்தது. அதுதான் எரிச்சல். பெரிய மனுஷனாக மில்லில் நூறு பேரை வேலை வாங்குகிறான், வீட்டில் ஒரு வாக்கியம் பேச முடியாது. ஆனால் அவனுடைய பேசாத வாய்க்கு அவனுக்குக் கம்ப்யூட்டர் கிடைக்கிறது. என் பேசுகிற வாய்க்கு இரட்டைக் கட்டில்.

அவன் போன பிறகு நவாஸ் அண்ணன் சொன்னார்: “கயித்தப் பொண்ணு கையில வச்சுக்கிட்டு மாப்பிள்ளைய அலையவிட்டது ஒலகத்துலயே நீதாம்மா.”

சிரித்தேன். பிறகு ஒரு விண்ணப்பத்தில் பிறந்த தேதியைத் தப்பாக அடித்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

கருகிவிட்டது.

அருப்புக்கோட்டையில் யாரோ நண்பனிடம் ஒரு பழைய கேபிள் வாங்கி வந்து செருகியிருக்கிறான். வேறு கம்பெனி. பொருந்தியது. சுவிட்ச் போட்டதும் ‘சட்’டென்று சத்தம், புகை. போர்டு போனது உறுதி, ப்ராசசரும் போயிருக்கும்.

மூன்றாவது வரி. மூன்றாவது வரியில் எழுதியிருந்தேன். கூட்டுத்தொகைக்கு மேலே இருந்த எதையும் அவன் படிக்கவில்லை.

கேபிளை எடுத்தது நான். அதையும் எழுதிவைக்கிறேன். இப்படி ஆகும் என்று தெரிந்து எடுக்கவில்லை. ஆகக் கூடும் என்று தெரியாதா? தெரியும். நேரில் வந்தவனிடம் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனுக்காக வருத்தமில்லை. அந்தப் போர்டுக்காக மத்தியானம் சாப்பிட முடியவில்லை.

ஜூலை 30, புதன்

அத்தை வந்து போனார். வாசலிலேயே நின்றார், தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கவில்லை.

“ஆடியில தொடங்குனது எங்க தப்புதான் தம்பி. ஆனா அவ கைபட்ட மொதச் சாமான் பூ வைக்கிறதுக்கு முன்னாடியே பொகைஞ்சிருச்சு. அந்தக் கை எங்களுக்கு வேண்டாம்.”

அப்பா, “அக்கா, அக்கா” என்று தெருமுனை வரை பின்னாலேயே போனார்.

நானே சொல்லிப் பார்த்தேன், அப்பாவிடம், அம்மாவிடம், அத்தையிடம், அவனிடம். நான்கு பேர் காதிலும் ஏறவில்லை. ஒரு கீற்றுப் புகை சொன்னதும் உடனே கேட்டுக்கொண்டார்கள். தப்பித்துவிட்டேன். யாரும் என்னை விடவில்லை, வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். இதற்குச் சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன்.

லேப்டாப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள், என் கைக்கு ராசியில்லையாம். அந்தக் கைதான் மாதாமாதம் ரேஷனுக்கும் கேஸுக்கும் கொடுக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

கேபிளை நவாஸ் அண்ணன் மூலம் ராஜபாண்டிக்கு அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘என்னுடையது எங்கே?’

அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். புதுசு போனதால் இப்போது பழைய லேப்டாப்பில்தான் படம் பார்க்கிறானாம். கொஞ்ச நாள் பொறுக்க வேண்டுமாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாளைக் காலை ஆறேகாலுக்கு அருப்புக்கோட்டை பஸ், அங்கிருந்து மதுரை. இரண்டு சுடிதார், சான்றிதழ்கள், ஸ்க்ரூ டிரைவர். பையின் நடுவில் லேப்டாப் அளவுக்கு இடம் விட்டு அடுக்கியிருக்கிறேன். தொட்டுப் பார்த்தால் பை குழிகிறது.

மத்தியானம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டி வாசலில் நின்றது, லோடு இல்லை. எதிரே போய் உட்கார்ந்தேன்.

“எம் பேரு அதுக்கு அடியில எழுதியிருக்கு. நீங்கதான் கொண்டுபோய்க் குடுத்தீங்க. வண்டிய எடுத்தா முக்கா மணி நேரம். இப்பவே போயி வாங்கிட்டு வாங்கப்பா.”

அப்பா தட்டைச் சற்றே நகர்த்தி, ரசம் ஊற்றச் சொன்னார், அம்மாவிடம்.