நாலில் ஒன்று

என் கதிர்க்குட்டிக்கு,

உனக்குத் தம்பியோ தங்கையோ வரப்போகிறதுடா. மூன்றாவது மாதம். நம் லிங்கராஜபுரம் தெருவில் இன்னும் யாரிடமும் மூச்சு விடவில்லை, முதலில் உனக்குத்தான் சொல்கிறேன். சந்தோஷமாகச் சொல்ல முடியவில்லையே, அதுதான் என்னை அரிக்கிறது.

உன் ரத்தத்தில் இருந்த குறை எங்கள் இருவரிடமிருந்தும் வந்தது. உங்கப்பா என் சொந்தத் தாய்மாமன் மகன். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று ஆசை ஆசையாய் முடித்துவைத்த கல்யாணம். போன வாரம் டாக்டரம்மா ஒரு தாளில் வரைந்து காட்டினார். அப்பாவிடம் மரபணுவில் நல்லது ஒன்று, குறை ஒன்று. என்னிடமும் அப்படியே. பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தால் நாலு விதமாய்ச் சேரும், நாலுக்கும் ஒரே அளவு வாய்ப்பு. இரண்டு குறையும் சேர்ந்துவிடுவது நாலில் ஒன்று.

உங்கப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அந்த ஒண்ணுதான் வந்துட்டுப் போயிடுச்சே டாக்டர். பாக்கி மூணும் நல்லதுதானே?"

"நோடப்பா, குலுக்கல்ல எடுத்த சீட்டு டப்பாவுல குறைஞ்சிடும்னு நினைக்காதே. ஒவ்வொரு குழந்தைக்கும் நாலு சீட்டும் மறுபடி உள்ள வந்துடும்" என்றார் அவர், கன்னடம் கலந்த தமிழில்.

பஸ்ஸில் திரும்பும்போதும் உங்கப்பா விடவில்லை. "நம்ம பங்குக் கஷ்டத்தைப் பட்டாச்சுடி. இனிமே வராது."

எனக்கு வந்ததே கோபம்! "எம்புள்ள என்ன, கழிச்சுப் போட்ட சீட்டா?" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். பாவம், அவருக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா?

சோதனைக்கு என் கருவிலிருந்து துளி எடுத்திருக்கிறார்கள். முடிவு அடுத்த வாரம் வரும். குறை இருந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. நீ சொல்லேன், என்ன செய்யட்டும்? ரத்தம் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் பேக்கரி வாசலில் நின்று முட்டை பப்ஸ் கேட்டு அடம்பிடிப்பாயே, நீ இருந்த அந்த ஆறு வருடமும் எனக்கு வேண்டாத வருடங்களா?

விளக்கேற்றிவிட்டு, "அந்த ஒண்ணு மட்டும் வேண்டாம் சாமி" என்று கும்பிடப் போகிறேன். கை குவிய மாட்டேன் என்கிறது. அந்த ஒன்று நீதானே, கண்ணா. உன்னை எந்த வாயால் வேண்டாமென்பேன்?

இது மட்டும் சத்தியம். முடிவு எதுவானாலும், "இதுதான் முதல் பிள்ளையா?" என்று யார் கேட்டாலும், இல்லை, இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

உன்னால் முதன்முதலில் அம்மாவான,
உன் அம்மா